கோயில் வாயிலும் கணக்கேட்டுப் பெயரும்: தென்பாண்டிச் சீமையில் நாடார்களின் சமூக அங்கீகாரத் தேடல்

கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் அமைந்த ஏழாயிரம்பண்ணை, 1799ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலக் கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களுள் ஒன்று. பாளையக்காரர் ஆட்சியில் ஒருவருடைய தகுதி, கோயிலில் அவர் பெறும் பரிவட்டத்தாலும் முதல் மரியாதையாலும் ஊரறிய உறுதிசெய்யப்பட்டது. பாளையங்கள் ஒடுங்கிய பின்னரும் அவ்வரிசைமுறை ஒடுங்கவில்லை. படையும் வரியுரிமையும் கைநழுவிய நிலையில், தகுதியைக் காட்டும் களமாகக் கோயிலே எஞ்சியது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் இவ்வட்டாரத்தில் எழுந்த பூசல்கள் கோயில் வாயிலை மையமிட்டமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

பாளையப் போர்கள் ஓய்ந்தமையால் பெருவழி வணிகம் அச்சமின்றி நடந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றி வடக்கே வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்து வேரூன்றினர். வணிகச் சரக்கின்மீது தமக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமை, உறவின்முறையின் பொதுநிதியாயிற்று. செல்வம் பெருகியது, ஊர்ப் பொதுக்கோயிலின் கதவு மட்டும் திறக்கவில்லை.

புறக்கணிப்பு கோயிலோடு நிற்கவில்லை. எழுத்திலும் அது பதிவாயிற்று. இராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்கள் குறித்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல், அச்சமூகத்தின் சமயத்தையும் இயல்பையும் தாழ்வாகச் சித்திரித்தது. கற்ற நாடார்களிடையே அது ஆழ்ந்த மனக்காயத்தை உண்டாக்கியது. தாங்கள் பாண்டிய அரச மரபினர் என நிறுவ முற்படும் நூல்களும் விண்ணப்பங்களும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. பூணூல் அணிதலும் பல்லக்கில் செல்லுதலும் அவ்வாதத்தின் செயல்வடிவங்கள். இதனை எம். என். சீனிவாசின் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்ற கருத்தாக்கத்துக்குள் அடக்கிவிடுதல் எளிது. ஆயின் அது போதாது. சமூக மதிப்பு மறுக்கப்படுமிடத்தில் தன்மதிப்பே ஊறுபடுகிறது என்னும் ஆக்செல் ஹொனெத்தின் விளக்கம் இங்குக் கூடுதலாகப் பொருந்தும். எனினும், மதிப்பை அளக்கும் கோலே ஒருவரைத் தாழ்த்துவதற்கென்று அமைந்திருப்பின் அக்கோலால் தம்மை அளக்கக் கேட்பது என்ன பயன் தரும் என்ற வினா எஞ்சுகிறது. கமுதி வழக்கு அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அனைவருக்கும் கோயில் பொது என்பது எதிர்வழக்கின் அடித்தளமன்று. தாங்கள் க்ஷத்திரியர், ஆதலின் நுழையத் தகுதியுடையோர் என்பதே அதன் உயிர்நிலை. தமக்குக் கீழே வைக்கப்பட்டோரின் நுழைவு குறித்து அவ்வாதம் பேசவில்லை. மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899இல் அதனை ஏற்க மறுத்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் அம்மறுப்பை உறுதிசெய்தது. இடையில், சிவகாசிச் சிவன் கோயில் நுழைவு தொடர்பான பூசல் முற்றி, 1899 ஜூன் 6 அன்று மறவர் முதலானோர் அடங்கிய பெருங்கூட்டம் ஊரைத் தாக்கியது. உயிர்கள் பலியாயின, வீடுகள் எரிந்தன.

தோல்விக்குப் பின்னான காலமே இவ்வரலாற்றில் கூடுதல் கவனத்துக்குரியது. 1910இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முன்முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. விருதுப்பட்டியில் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் ஒரு பள்ளி வளர்ந்தது. காமராசர் பயின்ற அப்பள்ளியின் பெயர் க்ஷத்திரிய வித்யாசாலா. நீதிமன்றம் ஏற்காத பட்டம் பள்ளியின் பெயர்ப்பலகையில் நிலைத்தமை சிந்திக்கத்தக்கது. 1921இல் அரசுக் கணக்கேடுகளில் 'சாணார்' நீங்கி 'நாடார்' இடம்பெற்றது. அதே ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி உருவாயிற்று. 1923இல் விருதுப்பட்டி விருதுநகராயிற்று. அக்காலத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். நீதிபதியிடமோ சேதுபதியிடமோ கேட்டுப் பெற வேண்டியிராத தகுதிகள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டன.

அளவுகோலையே மறுக்கும் குரலும் இச்சமூகத்துக்குள்ளிருந்து எழுந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன். 1931ஆம் ஆண்டு மாநாடு விருதுநகரிலேயே நடந்தது. வருணத் தகுதிக்குச் சான்று திரட்டிய ஒரு வணிக நகரம், ஒரு தலைமுறைக்குள் வருணத்தையே மறுக்கும் மாநாட்டுக்கு இடமளித்தது. பழைய உரிமைகோரல் அதனால் முற்றிலும் மறைந்துவிட்டதெனக் கூறுதல் மிகையாகும். இரண்டும் ஒரே தெருவில் அருகருகே வாழ்ந்தன.

பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு 31 ஆண்டுகளுக்குப் பின், 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு குழு நுழைந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவர். அவர்களோடு நாடார் ஒருவர். அந்நுழைவுக்கு அரச மரபுச் சான்று எதுவும் தேவைப்படவில்லை.