வண்ணத் தெளிப்புத் துப்பாக்கி

வண்ணத் தெளிப்புத் துப்பாக்கி என்பது, அழுத்தப்பட்ட காற்றின் உதவியால் நிறப்பூச்சை நுண்ணிய துளிகளாக்கி ஒரு பரப்பின்மீது படியச் செய்யும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது ஸ்பிரே கன் எனப்படுகின்றது. மோட்டார் சைக்கிளின் மட்கார்டு, பக்கத் தகடு, கண்ணாடி உறை போன்ற சிறு உறுப்புகளுக்கு நிறம் பூசப் புதிதாகத் தொடங்குவோர், துப்பாக்கியின் விலையையே முதலில் பார்ப்பதுண்டு. எனினும் எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதனோடு இணைக்கப்படும் கம்பிரசரே ஆகும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டைக்கு மருந்து தெளிக்கும் சிறு கருவியொன்றை அமைத்தார். அவரது மகன் தாமஸ் டிவில்பிஸ் அதே தத்துவத்தைக் கொண்டு 1907 இல் நிறப்பூச்சுத் துப்பாக்கியை உருவாக்கினார். 1920களில் டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கார்களில் பயன்பாட்டுக்கு வந்தது. விரைவில் உலரும் இப்பூச்சைத் தூரிகையால் பூசுவது கடினம். ஆகவே கார்த் தொழிற்சாலைகளில் துப்பாக்கி இன்றியமையாததாயிற்று. இந்தியப் பட்டறைகளில், எந்த நிறுவனத்தின் பூச்சானாலும், இவ்வகைப் பூச்சு வேலையை 'டியூகோ' என்றே குறிப்பிடும் வழக்கம் உள்ளது.

இயங்கும் முறை

விசையைச் சிறிது அழுத்தினால் காற்று மட்டும் வெளிவரும். மேலும் அழுத்தினால் உள்ளிருக்கும் ஊசி பின்வாங்கி, முனைத்துளை வழியே பூச்சு வெளிப்படும். காற்று மூடியின் இரு கொம்புகளிலிருந்து பாயும் காற்று அதனை விசிறி வடிவாகத் தட்டையாக்குகின்றது. பூச்சுக் குவளை கீழே அமைந்தவை, மேலே அமைந்தவை என இரு வகைகள் உண்டு. மேற்குவளையில் பூச்சு தன் எடையாலேயே இறங்குவதால், சிறிதளவு பூச்சைக்கூட ஏறத்தாழ முழுவதும் பயன்படுத்த இயலும். சிறு வேலைகளுக்கு இதுவே ஏற்றது.

தெரிவு

பழைய வகைத் துப்பாக்கிகளில் பூச்சின் பெரும்பகுதி பொருளின்மீது படியாமல் காற்றில் வீணாகும். ஹெச்.வி.எல்.பி. எனப்படும் மிகுகாற்று குறையழுத்த வகையில், காற்று மூடியில் அழுத்தம் 0.7 பாருக்கு (10 பி.எஸ்.ஐ.) மேற்படுவதில்லை. துளிகள் மெதுவாகச் சென்று படிவதால் வீண் குறைகின்றது. ஆனால் இதற்குக் காற்று மிகுதியாக வேண்டும். முழு அளவுத் துப்பாக்கிக்கு நிமிடத்துக்கு 280 முதல் 420 லிட்டர் வரை தேவைப்படலாம். வீடுகளிலும் சிறு கடைகளிலும் உள்ள 1 குதிரைத்திறன் கம்பிரசரால் இதனை வழங்க இயலாது. மேலும், கம்பிரசரின்மேல் எழுதப்பட்டிருக்கும் அளவு பல வேளைகளில் உருளையின் கொள்ளளவுக் கணக்கே. உண்மையில் வெளிவரும் காற்று அதனினும் குறைவு. காற்று போதாதபோது துளிகள் பெரிதாகி, பரப்பு ஆரஞ்சுத் தோல் போலாகின்றது. பழகுநர் இதைத் தம் கைக்குற்றம் என்று கருதிப் பூச்சையும் தின்னரையும் மாற்றிக்கொண்டே இருப்பர்.

இதனாலேயே, முனைத்துளை 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு மேற்குவளைத் துப்பாக்கி முதற் கருவியாகப் பொருந்துகின்றது. பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 150 லிட்டர் காற்று இதற்குப் போதும். சிறு உறுப்புகளை இடைவிட்டுப் பூசுவதால் தொட்டியில் காற்று மீண்டும் நிரம்பவும் நேரம் கிடைக்கும். தடித்த பிரைமருக்கு இத்துளை குறுகலானது; அதற்கு 1.4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வேண்டும். முனைத்துளையும் ஊசியும் தனியே கிடைக்காத மிக மலிவான துப்பாக்கியைத் தவிர்ப்பது நன்று. மிச்சமாகும் பணத்தில் நீர்ப்பிரிப்பான் ஒன்றை வாங்கலாம். ஈரக் காற்றுடன் பூசப்பட்ட பரப்பில் பின்னர் கொப்புளங்கள் தோன்றக்கூடும்.

பாதுகாப்பு

கடினமாக்கி கலந்து பூசப்படும் இருகூற்றுப் பாலியூரித்தேன் பூச்சுகளில் ஐசோசயனேட் சேர்மங்கள் உள்ளன. வாகன வண்ணம் பூசுவோரிடையே தொழில்சார் ஆஸ்துமா ஏற்பட இவை முக்கிய காரணமாகும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். கரி வடிகட்டி முகமூடி இதற்குப் போதுமானதன்று. ஐசோசயனேட்டை மணத்தால் அறிய முடியாததால், வடிகட்டி செயலிழந்தது அணிந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து தூய காற்றுக் குழாய் வழியே வழங்கப்படும் முகமூடியே பரிந்துரைக்கப்படுகின்றது. அவ்வசதி இல்லாதோர் ஐசோசயனேட் கலவாத ஒருகூற்றுப் பூச்சுகளுடன் நின்றுகொள்ள வேண்டும். அவை பெட்ரோலுக்கு எளிதில் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே பெட்ரோல் தொட்டியை மட்டும் உரிய வசதியுள்ள பட்டறையில் கொடுத்துப் பூசுவது பொருத்தமானது. தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். பூசும் இடத்தில் அடுப்பு, விளக்கு, சாதாரண மின்விசிறி ஆகியன இருத்தல் கூடாது. கம்பிரசரின் விசைமாற்றியிலும் தீப்பொறி எழும் என்பதால், அதனை அறைக்கு வெளியே வைத்து நீண்ட குழாயால் இணைப்பர்.