ஓட்டக்காரர் நகம்

ஓடும்போது கால்விரல் நுனி சப்பாத்தில் திரும்பத் திரும்ப மோதுவதால் நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுத்துப்போவது. பெருவிரலிலும் அதையடுத்த விரலிலுமே அதிகம். இறக்கமே முதல் எதிரி. கண்டி – மகியங்கனை வீதியில் திகன, தெல்தெனியப் பக்கம் மேடும் பள்ளமுமாகவே ஓட வேண்டியிருக்கும். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னே வழுக்கி விரலை இடிக்கும்.

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், சப்பாத்து வாங்குவது நல்லது. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். நகத்தை நேராக, ஒட்ட வெட்டாமல் வெட்டுக. இறக்கத்துக்கு முன் கணுக்காலருகே நாடாவை இறுக்குக. பலர் தவறவிடுவது இதைத்தான். மழைக்காலத்தில் நனைந்த காலுறையை உடனே மாற்றாவிட்டால் பூஞ்சையும் சேரும்.

வலியில்லாத கருநகத்தைப் பிடுங்கவே கூடாது. அடியில் புது நகம் தள்ளிவரும். முழுதாக வளர 12 முதல் 18 மாதம். விண்விண்ணென்று தெறித்தால் மருத்துவர் சிறு துளையிட்டு இரத்தத்தை வடிப்பார். வீட்டில் ஊசி வைப்பது ஆபத்து. நீரிழிவுள்ளோர் சிறு காயத்தையும் காட்டிவிட வேண்டும். அடிபடாமலே தோன்றி, நகத்தோடு நகராமல் அகலமாகிவரும் கருங்கோடு புற்றுநோயாகவும் இருக்கலாம்.