வீட்டுக் காரின் எஞ்சின், ரேஸ் காரின் இதயம்

கார் ரேஸ் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்கிறோம். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய உண்மைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் ரேஸ் நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நாட்கள். வெளிநாட்டு ரேஸ் எஞ்சினுக்குக் காசும் வேண்டும், அனுமதியும் வேண்டும். மற்றவர்கள் கையில் கிடைத்த காரைப் பிரித்து, மாற்றிக் கட்டி ஓட்டினார்கள்.

நம்ம மதுரையிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளியிருக்கும் கோவையில், எஸ். கரிவர்தன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1983 டிசம்பரில் வந்தது மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். உதிரி பாகம் உள்ளூரிலேயே கிடைக்கும். 1980களின் கடைசியில் அந்த எஞ்சினை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் பொருத்தினார். மாருதியில் முன்னால் இருந்து முன்சக்கரங்களைச் சுழற்றிய எஞ்சின், இங்கே ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பின்சக்கரங்களைச் சுழற்றியது. பெயர் ஃபார்முலா மாருதி.

எல்லோருக்கும் ஒரே எஞ்சின். அப்புறம் ஜெயிக்க வைப்பது என்ன? ஓட்டும் கைதானே!

அந்தக் காரில் ஓட்டிப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையின் ரேஸ் டிராக் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.