அச்சுப் படங்களில் அழுகையும் கண்ணீரும்

தவக்காலத்தில் நாம் சிலுவைப் பாதை செய்யும்போது, எட்டாம் நிலையில் எருசலேம் பெண்கள் இயேசுவைக் கண்டு அழுகிறார்கள். பதின்மூன்றாம் நிலையில் அன்னை மரியா தம் மகனின் உடலை மடியில் ஏந்துகிறார். ஆண்டுதோறும் இந்தப் படங்களின் முன் முழந்தாளிடுகிறோம். ஆனால், அழுகின்ற ஒருவரை எப்படி வரைந்து காட்டுவது என்று கலைஞர்கள் எவ்வளவு காலம் சிந்தித்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் சிந்தனையின் வரலாறு பெரிய ஓவியங்களில் மட்டுமன்றி, தாளில் அச்சிடப்பட்ட சிறிய படங்களிலும் பதிந்திருக்கிறது.

எளியோரின் வீட்டுக்கு வந்த படங்கள்

ஐரோப்பாவில் மர அச்சுப் படங்கள் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவத் தொடங்கின. பலகையில் படத்தை வரைந்து, கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்ற இடங்களைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேட்டில் மை தடவித் தாளில் அழுத்தினால் படம் பதியும். ஒரே பலகையிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய படங்களுள் ஒன்று, 1423 என்ற எண்ணைத் தாங்கிய புனித கிறிஸ்தோபர் படம்.

பீடத்தின் மேல் உள்ள ஓவியத்தைக் காண ஆலயத்துக்குப் போக வேண்டும். அச்சுப் படமோ திருப்பயணியின் பையில் ஏறி வீட்டுக்கே வந்தது. துயருறும் அன்னையின் முகம் சமையலறைச் சுவரிலும் செபநூலின் பக்கங்களுக்கிடையிலும் இடம்பிடித்தது. செல்வரிடம் மட்டும் இருந்தது எளியோருக்கும் கிடைத்தது.

துளியைக் காட்ட முடியாதபோது

வண்ண ஓவியர் கன்னத்தில் ஒரு துளி வெள்ளையைத் தொட்டு வைத்தால் கண்ணீர் மின்னும். அச்சுக் கலைஞரிடம் இருப்பது கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளும் மட்டுமே. வெள்ளை முகத்தில் வெள்ளைக் கண்ணீரை எப்படிக் காட்டுவது? ஆகவே அவர்கள் உடலையே அழ வைத்தார்கள். பிசையும் கைகள், திறந்த வாய், குனிந்த தலை, முகத்தை மூடும் முக்காடு ஆகியவை துயரத்தின் மொழியாயின.

இத்தாலியக் கலைஞர் அந்திரேயா மந்தேஞாவின் செப்புத் தகட்டுப் படம் ஒன்று, இயேசுவை அடக்கம் செய்யும் காட்சியைக் காட்டுகிறது. வலப்புறம் தனியே நிற்கும் யோவான், கைகளைக் கோத்துக்கொண்டு வாய்விட்டுக் கதறுகிறார். அன்னை மரியாவோ மயங்கிச் சாய்கிறார்.

அன்னை மயங்கியதாகக் காட்டுவது சரியா என்ற கேள்வியும் அக்காலத்திலேயே எழுந்தது. தொமினிக்கன் சபை இறையியலாளர் கயத்தான், 1506-ஆம் ஆண்டில் இதை மறுத்து எழுதினார். அன்னை சிலுவையருகே நின்றார் என்றே நற்செய்தி கூறுகிறது (யோவா 19:25) என்பது அவருடைய வாதம். துயரத்தின் நடுவில் நிற்பதும் அன்பே, நிற்க முடியாமல் சாய்வதும் அன்பே. ஆனால் நற்செய்தியாளர் எழுதியது நின்ற அன்னையைப் பற்றித்தான்.

கன்னத்தில் கை வைத்த இயேசு

செருமனியின் நியூரம்பெர்க் நகரக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர், இயேசுவின் பாடுகளை மர அச்சில் இருமுறை தொகுத்தார். பெரிய அளவுத் தொகுப்பும் சிறிய அளவுத் தொகுப்பும் 1511-இல் நூல்களாக வெளிவந்தன. பெனடிக்டைன் துறவி கெலிதோனியுஸ் அவற்றுக்கு இலத்தீன் கவிதைகள் எழுதினார்.

சிறிய தொகுப்பில் 37 படங்கள் உள்ளன. அதன் முகப்பில் முள்முடி சூடிய இயேசு தனியே அமர்ந்து, தலையைக் கையில் தாங்கியிருக்கிறார். அழுவோர் கூட்டம் இல்லை, படைவீரர் இல்லை. கன்னத்தில் கை வைத்து உட்காராதே என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அதே கோலத்தில் இறைமகனையே அமர்த்திவிட்டார் டியூரர். துயரம் அவநம்பிக்கையின் அடையாளம் என்று எண்ணுவோருக்கு இந்தப் படமே பதில்.

பேதுருவின் கண்ணீர்

திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு (1545-1563) ஒப்புரவு அருளடையாளம் பெரிதும் வலியுறுத்தப்பட்டது. அதனால் மனம் வருந்தும் பேதுருவும் மகதலா மரியாவும் கலைஞர்களின் விருப்பமான பொருளாயினர். எசுப்பானியாவில் பிறந்து நேப்பிள்சில் வாழ்ந்த ரிபேரா, 1621-இல் பேதுருவைச் செப்புத் தகட்டில் வரைந்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடங்களை அமிலத்தால் அரிக்கச் செய்யும் முறை அது. முழந்தாளிட்ட முதியவர் கைகளை இறுகக் கோத்து வானத்தை நோக்குகிறார். ஆண்டவர் திரும்பிப் பார்த்த அந்த ஒரு பார்வை (லூக் 22:61-62) அவரை இன்னும் விடவில்லை என்பது தெரிகிறது.

மகனை இழந்த ஒரு தாய்

திருவிவிலியக் காட்சிகளில் வளர்ந்த இந்த உடல்மொழி, பின்னர் பொதுமக்களின் துயரத்தையும் பேசியது. பெர்லினில் ஏழைகளுக்கு மருத்துவம் செய்த ஒருவரின் மனைவி கேத்தே கோல்விட்ஸ் (1867-1945). இறந்த குழந்தையை இறுக அணைக்கும் தாயை அவர் 1903-இல் செப்புத் தகட்டில் வரைந்தார். அதற்காகத் தம் ஏழு வயது மகன் பீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தம்மையே பார்த்து வரைந்தார்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1914 அக்டோபரில், அதே பீட்டர் பெல்சியப் போர்முனையில் இறந்தார். அவருக்கு வயது 18. அதன்பின் கோல்விட்ஸ் போரைப் பற்றி ஏழு மர அச்சுப் படங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றில் பெற்றோர் இருவரும் முழந்தாளிட்டு ஒருவர்மீது ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். தந்தை கையால் முகத்தை மறைக்கிறார். ஒரு முகம்கூட நமக்குத் தெரிவதில்லை. ஆயினும் அந்தப் படத்தை விரைந்து கடந்துபோக முடிவதில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பீட்டர் என்றே பெயர் கொண்ட பேரனையும் அவர் பறிகொடுத்தார்.

நமக்கு

சாவு வீட்டுக்குச் செல்லும்போது நம்மில் பலர் முதலில் சொல்லும் சொல், "அழாதீர்கள்" என்பதுதான். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் இலாசரின் கல்லறையருகே இயேசு கண்ணீர் சிந்தினார் (யோவா 11:35). சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போகிறவர், அதற்கு முன் அழுதார். அழுவோரின் அழுகையில் பங்குகொள்ளவே பவுலடியாரும் அழைக்கிறார் (உரோ 12:15).

மர அச்சில் ஒரு கோட்டை விட்டுவைக்க, அதைச் சுற்றியுள்ள மரத்தையெல்லாம் பொறுமையாகச் செதுக்கி நீக்க வேண்டும். துயருறுவோர் அருகில் அமர்வதும் அப்படித்தான். நம் அறிவுரைகளையும் விளக்கங்களையும் நீக்கிவிட்டால், அவர்களுடைய துயரத்துக்கு இடம் கிடைக்கும். அடுத்த முறை பதின்மூன்றாம் நிலையின் முன் முழந்தாளிடும்போது, அண்மையில் ஒருவரை இழந்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். செபம் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உடன் அமர்ந்திருப்போம்.