பந்தியும் திடலும்: பள்ளி உணவின் நூறாண்டு



பள்ளியில் சோறு போட்ட வரலாற்றைக் கருணையின் கதையாகவே நமக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயர் பாடநூலில் இருக்கிறது. யார் சமைத்தார், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது இல்லை. இந்த இரண்டு கேள்விகளோடு அந்த வரலாற்றைத் திரும்பப் படிப்போம்.

1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றது. அதே ஆண்டுகளில்தான், காங்கிரஸ் பணம் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். பெரிய போராட்டம்தான். ஆனால் அது பிராமணர், பிராமணரல்லாதார் என்ற கோட்டில் நடந்தது. சேரிப் பிள்ளையின் இலை எங்கே என்பது அதன் மையக் கேள்வியாக இல்லை.

1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். ஊர்மக்களின் நன்கொடையும் சேர்ந்தே அந்தத் திட்டம் நடந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது. ஒவ்வொன்றும் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் இழுத்து வந்தது. அதை மறுப்பவர் பசியை அறியாதவர்.

சமைக்கும் கை யாருடையது என்ற கேள்வி சட்டத்துக்குள் வர 2004 ஆனது. அந்த ஏப்ரலில், உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம், சமையலர், உதவியாளர் பணியில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. தீட்டு என்ற எண்ணம் எந்த இடத்தில் உடையும் என்பதை அந்த ஒரு வரி அறிந்திருந்தது. சாதியும் அறிந்திருந்தது. 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் சமையலருக்கு எதிர்ப்புக் கிளம்பியது. அதிகாரிகள் அவரையே இடம் மாற்றினார்கள். போராடிய பிறகுதான் அவர் திரும்ப முடிந்தது. 2023இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்ததால் பிள்ளைகள் காலை உணவைத் தவிர்த்த செய்தி வந்தது. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். 1956க்கும் 2023க்கும் இடையே உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. ஒன்றிய அளவில் மையச் சமையலறை என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த அறிக்கையில் வரவேற்க வேண்டியவை நிறைய உண்டு. இந்த ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம். தொலைவில் சமைத்துக் கொண்டுவந்தால் சண்டை நிற்கலாம். சமைத்த கையும் மறைந்துவிடும். நம் அக்கா சமைத்த சோற்றை எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர் கண்முன்னே சாப்பிடுவதல்லவா பாடம்?

நம் ஊருக்கு வருவோம். ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கவும் காய் எடுக்கவும் போகிறவர்களின் ஜீப் விடியும் முன்னே போடிமெட்டு ஏறிவிடும். தாய் தூக்குவாளியோடு கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்த வீடுகளுக்கு என்ன செய்தது என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் தாயும் அதே ஜீப்பில்தான் போகிறாள்.

விளையாட்டின் நிலை இன்னும் மோசம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் திடல் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை, 100 பேருக்கு மேல் படிக்கும் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரைதான் கேட்கிறது. தொடக்கப் பள்ளிக்கு யாரும் இல்லை. உழைக்கிறவன் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர் உண்டு. விறகு சுமப்பதும் தண்ணீர் எடுப்பதும் வேலை. ஓடுவதும் கபடி பிடிப்பதும் பிள்ளையின் உரிமை. தொடாமல் கபடி ஆட முடியாது. பந்தி போலவே திடலும் தீண்டாமை உடையும் இடம்.

ஆகவே பள்ளி விதிகளில் ஐந்து வரிகளை எழுதக் கோருவோம். காலை உணவு எட்டாம் வகுப்புவரை வேண்டும். 2004 ஆணைப்படி நடந்த நியமனங்களை ஆண்டுதோறும் பள்ளிப் பலகையில் எழுத வேண்டும். ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுக்கக் கூடாது. தொடக்கப் பள்ளிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக வையுங்கள்.