மார்க் ட்வைனின் பசைப் புத்தகம்

போன மாசம் எங்க வீட்டுப் பரண்ல இருந்து அம்மாவோட கல்யாண ஆல்பத்தை இறக்கினோம். பக்கம் முழுக்க பசைக் கோடு, மேல ஒரு பிளாஸ்டிக் தாள், அந்த மாடல். உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். ஸ்கேன் பண்ணலாம்னு ஒரு போட்டோவை இழுத்தேன். தாத்தாவோட பாதித் தோள் ஆல்பத்துலயே தங்கிடுச்சு. அம்மா ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தாகூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

ஒட்டுறதைச் சுலபமாக்குறேன்னு யார் முதல்ல கிளம்பினாங்கன்னு தேடினேன். வந்து நின்ன பெயர், மார்க் ட்வைன். ஆமா, டாம் சாயர் எழுதினவரேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவுல செய்தித்தாள் மலிவாகக் கிடைக்க ஆரம்பிச்சதும், கவிதை, சமையல் குறிப்பு, மரண அறிவிப்புன்னு வெட்டி ஒட்டி வைக்கிற பழக்கம் வீடுவீடாகப் பரவியது. வெற்று நோட்டு வாங்க காசில்லாதவங்க பழைய கணக்குப் புத்தகம், அரசாங்க அறிக்கை மேலேயே ஒட்டினாங்க. ட்வைனும் தன்னைப் பற்றி வர்ற செய்திகளை வெட்டி வைக்கிற ஆள். அவருடைய எரிச்சல் எல்லாம் பசைமேலதான். தேவைப்படும்போது டப்பா காய்ஞ்சிருக்கும், இல்லைன்னா கை முழுக்க அப்பிக்கும்.

1872 ஆகஸ்ட்ல அண்ணன் ஓரியனுக்கு ஒரு கடிதத்துல தன் யோசனையை எழுதுறார்: கோந்து ஏற்கெனவே பூசிக் காயவைத்த பக்கங்கள், தேவையான இடத்தை மட்டும் ஈரமாக்கி ஒட்டினால் போதும். கடிதத்தோட உறையையும் பத்திரமா வைன்னு சொல்றார். தபால் முத்திரையில் தேதி இருக்கே, யோசனை எப்போ வந்ததுங்கிறதுக்கு அதுதான் சாட்சி! நாங்க கிட்ல கமிட் போட்டு வைக்கிற மாதிரி.

1873 ஜூன் 24, காப்புரிமை எண் 1,40,245. தயாரித்து விற்றது டான் ஸ்லோட்டின் கம்பெனி. 1867ல் குவேக்கர் சிட்டி கப்பல் பயணத்தில் ட்வைனோட நண்பரானவர் அவர். தொழிலே வெற்று நோட்டுப் புத்தகம் செய்வதுதான். ட்வைன் மொத்தம் மூணு காப்புரிமை வாங்கினார். நல்லா விற்பனையானது இது ஒண்ணுதான்.

அது ஏன் வேலை செஞ்சது? அன்றைக்கு கத்தரி எடுத்து வெட்டும்போதே தேர்வு முடிஞ்சிடும். பேப்பர்ல நூறு செய்தி இருந்தாலும் நீங்க வெட்டுறது ரெண்டு. மிச்சம் இருந்தது ஒட்டுற தொல்லை மட்டும்தான். ட்வைன் சரியான இடத்துல கை வெச்சார்.

1888ல் கோடாக் கேமரா வருது. ஒரு ரோலில் 100 படம். 1900ல் பிரவுனி கேமரா, விலை ஒரு டாலர். இப்போ வெட்ட வேண்டாம், படம் தானா குவியுது. அதுக்குப் பதிலா பின்னாடி வந்ததுதான் எங்க பரண் ஆல்பம். மேக்னெட்டிக் ஆல்பம்னு பேர், ஆனா காந்தமே கிடையாது. அட்டையில் பசைக் கோடு, அதுமேல பிளாஸ்டிக். கோந்து, ஈரம் எதுவும் வேண்டாம், அழுத்தினா போதும். ஒட்டுற வேலையை இதைவிடச் சுலபமாக்க முடியாது. படத்துக்கு இதைவிடக் கேடும் கிடையாது. பசையும் அட்டையும் அமிலத்தன்மை உள்ளது. வருஷம் போகப்போக பசை இறுகி படத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும். மேல இருக்கிறது பிவிசி தாளா இருந்தா அதுவும் தன் பங்குக்குக் கெடுக்கும்.

அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன் இதுக்கு மாற்று தேடினார். அமிலம் இல்லாத தாள், தெளிவான உறை, வளையம் போட்ட ஃபைல். 1980ல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த உலக ஆவண மாநாட்டில் தன் குடும்பத்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த வருஷமே கணவரோட சேர்ந்து கடை. அதுல இருந்து ஒரு தொழிலே வளர்ந்தது. ஸ்டிக்கர், பார்டர், வடிவமா வெட்டுற கத்தரி, அலங்காரத் தாள்... சுலபமாக்க வந்தது திரும்பவும் மலை மாதிரி ஆயிடுச்சு. பாதி ஒட்டின ஆல்பத்தைப் பார்த்து குற்ற உணர்ச்சிப்படுறதே பலருக்கு வழக்கமாப் போச்சு.

நம்ம நிலைமை ட்வைனுக்கு நேர் எதிர். பசையே தேவையில்லை. தேர்வுதான் அப்படியே கிடக்கு. என் போன்ல 14,000 படம். முகத்தை வெச்சுப் பிரிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அருமையா பிரிச்சது. அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு சமையல் பண்ணப் போயிட்டாங்க.

இப்போ ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அவ்வளவுதான். எந்தப் படத்தையும் இழுக்கிறதில்லை. ஆல்பத்தை விரிச்சு வெச்சு பக்கத்தோடயே மேல இருந்து படம் எடுக்கிறேன். அம்மா பேர் சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன். பக்கத்துக்கு ஒரு படம் அவங்களே தேர்ந்தெடுக்கணும். அதை மட்டும்தான் பிரிண்ட் போடுவோம். எடுத்தே ஆகணும்னா, பல் இடுக்குல விடுற ஃப்ளாஸ் நூலை படத்துக்கு அடியில் மெதுவா அறுத்துக்கிட்டே கொண்டு போகணும்னு ஆவணக் காப்பாளர்கள் சொல்றாங்க. போன மாசமே இது தெரிஞ்சிருக்கலாம்.

பதினொரு பக்கம் முடிஞ்சிருக்கு. ஒன்பதாவது பக்கத்துல, பந்தி ஓரமா ஒரு பொண்ணு குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு சிரிக்குது. யாருன்னு அம்மாவுக்குத் தெரியலை. பெரியம்மாவுக்கு அனுப்பியிருக்கோம்.