காணி, படியாள், பஞ்சமி: நிலச் சொற்களுக்குள் கிடக்கும் நம் வரலாறு

குயிலாப்பாளையம், வானூர், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நஞ்சை, புஞ்சை, மானாவாரி என்ற சொற்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லாட்டை பிடுங்கியும் நாற்று நட்டும் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் வளர்ந்தவர்கள் நாம். பயிர்ச் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள். ஆனால் காணி, நத்தம், தரிசு, பட்டா, அடங்கல் போன்ற உரிமைச் சொற்கள் ஊர்ப் பெரிய மனிதர்களின் வாயிலும் கணக்குப்பிள்ளையின் கட்டிலுமே இருந்தன. நிலம் நம் கையை விட்டுப் போனதற்கும், கொஞ்சம் கைக்கு வந்ததற்கும், வந்தது மறுபடி பறிபோனதற்கும் இந்தச் சொற்களே சாட்சி.

முதலில் காணி. வட தமிழகத்தில் ஒரு காணி என்றால் ஏறத்தாழ 1.32 ஏக்கர். அதே சொல்லுக்குப் பரம்பரை நில உரிமை என்ற பொருளும் உண்டு. காணியாட்சி என்று தமிழிலும் மிராசு என்று கணக்கு மொழியிலும் அதைச் சொன்னார்கள். காணியாட்சிக்காரருக்கு வயல் மட்டும் சொந்தமில்லை. ஊரின் தரிசிலும், நத்தத்திலும், களத்து நெல்லிலும் அவருக்குப் பங்கு இருந்தது. உழுதவருக்குக் கிடைத்த பெயரோ படியாள். படியளந்து கொடுக்கும் தானியத்துக்கு வேலை செய்பவர் என்று பொருள். ஒருவருக்கு அளவாகவும் ஆட்சியாகவும் இருந்த நிலம், மற்றவருக்குப் படி நெல்லாகச் சுருங்கிப்போனது.

திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகத்தில் தொடங்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். படியாள் பட்ட கடனையும், குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லாத நிலையையும் அது விவரித்தது. சேரி நத்தமும் தங்களுடையதே என்று மிராசுதார்கள் உரிமை கோரினார்கள். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறியலாம் என்ற பயமே கூலி கேட்கும் வாயை அடைத்தது.

தரிசு நிலத்தையாவது வாங்கிப் பயிரிடலாம் என்றால் அங்கே தர்க்காஸ்து என்ற சொல் குறுக்கே நின்றது. தர்க்காஸ்து என்பது அரசிடம் நிலம் கேட்டுக் கொடுக்கும் மனு. சேரியிலிருந்து ஒருவர் மனுக் கொடுத்தால், அந்த நிலம் உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் மிராசுதாரையும் பட்டாதாரையும் கேட்க வேண்டும் என்பது விதி. ஏர் ஓட்டாமல் காலங்காலமாகக் கிடந்த நிலமும் அந்த மனுவைக் கண்ட பிறகு அவர்களுக்கு வேண்டியதாகிவிடும். காணியாட்சியின் பிடி ஒரு விதியாகத் தாளில் தொடர்ந்தது.

இந்தச் சூழலில்தான் 1892 செப்டம்பர் 30 அன்று சென்னை மாகாண அரசு, அரசாணை 1010 வழியாகத் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க வகை செய்தது. அப்படி வந்த நிலமே பஞ்சமி நிலம். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, பதிவேடுகளில் இது டி.சி. நிலம். முதல் பத்தாண்டுகளுக்கு இதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் நெடுங்காலமாக முன்வைக்கும் கணக்கு. அந்த நிலத்தில் கல் பொறுக்கி, கரம்பை உடைத்து, விளைநிலமாக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். திரமென்ஹீரின் பெயரை நாம் நினைவில் வைக்கிறோம். அவர்களின் உழைப்பை அதற்கு முன்னே வைக்கிறோம்.

பிறகு அந்த நிலம் எங்கே போனது? பஞ்சத்திலும் கடனிலும் கைமாறியது கொஞ்சம். மிரட்டலில் போனது கொஞ்சம். எழுத்திலேயே காணாமல் போனதும் உண்டு. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது, பல ஊர்களில் டி.சி. என்ற குறிப்பு விடுபட்டு, சாதாரண ரயத்துவாரிப் பட்டாவாக ஏறிவிட்டதாகப் புகார்கள் உள்ளன. இரண்டெழுத்து விடுபட்டால் போதும், நிபந்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு விலை உயிராக இருந்தது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். இன்று நாம் பஞ்சமி நிலம் என்று உரக்கச் சொல்வதற்குப் பின்னால் அந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

பழைய கதைதானே என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். விவசாயி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை குத்தகைதாரரையும் விவசாயக் கூலித் தொழிலாளரையும் விவசாயி என்றே வரையறுத்தது. ஆனால் பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்குப் பயிரிடுபவரின் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகையே நடக்கிறது. பயிர் பொய்த்தால் நட்டம் குத்தகைக்காரருக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு. பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் சுமார் 29 விழுக்காடு. நம்மில் எத்தனை குடும்பங்கள் வயலில் விவசாயியாகவும் தாளில் கூலியாகவும் இருக்கின்றன என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாணவத் தோழர்கள் சில சொற்களைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். சிட்டா, ஒருவர் பெயரில் என்னென்ன நிலம் உள்ளது என்று சொல்லும். அடங்கல், எந்தப் புல எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி என்று சொல்லும். கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது அது. குத்தகைக்காரர் தன் பெயரை அதில் கேட்டுப் பதிய வைக்க வேண்டும். 'அ' பதிவேடு, புல எண்ணையும் நிலத்தின் வகையையும் சொல்லும். அதன் குறிப்புக் கலத்தை விடாமல் படியுங்கள். புதிய பதிவேட்டில் ஒன்றும் இல்லையென்றால் பழைய புல எண்ணைக் குறித்துக்கொண்டு, 1979க்கு முந்தைய பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். பஞ்சமி நிலம் என்று நிரூபணமானால், நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைக்கப்பட்ட நிலத்தைச் சட்டவிரோதமாக அனுபவிப்பது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

புதுச்சேரியை ஒட்டிய செம்மண் மேடுகளில் இன்று காணிக் கணக்கு போய் சதுர அடிக் கணக்கு வந்துவிட்டது. முந்திரித் தோப்பு மனைப்பிரிவாகிக் கல் நட்ட பிறகு தேடுவதைவிட, இப்போதே தேடுவது நல்லது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டை வாங்கி, சேரியில் உட்கார்ந்து, பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த மேட்டில் யார் உழுதார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் நிலம் பேசும்.

ஜெய்பீம்.